ஆங்கிலக் கட்டுரை வகுப்பு எதிர்பார்ப்பது என்ன?

(கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



கல்வியின் பெருமையை எடுத்துரைக்க எங்களினும் வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். விழாக் குழுவினர் எங்களுக்கு இட்ட பணி சிறியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் அடியெடுத்து வைத்தவுடன் எதிர்கொள்ளும் ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் அவர்களிடம் என்னென்ன எதிர்பார்க்கப்படுகின்றன என்பதை விளக்குமாறு பணித்துள்ளனர். இது நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் சிலர் எண்ணக்கூடும். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாடு சென்று படிப்பதற்கு நடுவண் அரசின் உதவித்தொகைத் திட்டம் 1954-55ஆம் ஆண்டு முதலே உள்ளது. அதனைப் பெற்றும், வேறு வழியில் பொருள் திரட்டியும் நம் பிள்ளைகள் கடல் கடந்து செல்கின்றனர். இடம் கிடைக்கிறது, விமானச் சீட்டும் கிடைக்கிறது. கணக்கிலும் அறிவியலிலும் வெல்லும் மாணவர், அங்கே மூன்று பக்கக் கட்டுரையின் முன் திகைத்து நிற்கின்றனர். பெரும்பாலும் அது மொழியறிவின் குறையன்று. அவ்வகுப்பின் முறையை யாரும் அவர்களுக்குச் சொல்லாமையால் வரும் குறை.

இளங்கலை மாணவர் பெரும்பாலோர் அங்கே முதலாண்டில் இவ்வகுப்பில் பயில வேண்டும். மேற்படிப்புக்குச் செல்லும் அயல்நாட்டு மாணவரையும் பல இடங்களில் தேர்வு வைத்து இத்தகைய வகுப்பில் சேர்ப்பதுண்டு. இலக்கணத்தை உருப்போடும் வகுப்பு அன்று அது. சேக்ஸ்பியர் நாடகத்துக்குப் பொழிப்புரை கேட்கும் வகுப்பும் அன்று. எழுதுவது ஒன்றே அங்குப் பாடம்.

முதல் நாளில் ஆசிரியர் சில பக்கங்கள் கொண்ட ஒரு தாளை வழங்குவார். அதற்குச் ‘சிலபஸ்’ என்று பெயர். நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடங்களின் பட்டியல். அங்கே அது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே உள்ள உடன்படிக்கை போன்றது. ஏறத்தாழ 15 வாரம் கொண்ட பருவத்தில் எத்தனை கட்டுரை, எந்த நாளில் எது, எதற்கு எவ்வளவு மதிப்பெண், காலம் தாழ்த்தினால் எவ்வளவு குறைப்பு, எத்தனை நாள் வராவிட்டால் தோல்வி என யாவும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். நம் மாணவர் பலர் அதனை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகின்றனர். பருவ இறுதியில் ஒரு தேர்வு வரும், அதில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் பழக்கம். அங்கே இறுதித் தேர்வே இல்லாத கட்டுரை வகுப்புகள் ஏராளம். பத்தாவது வாரத்தில் விழித்துக்கொள்பவருக்கு மதிப்பெண்ணில் பெரும்பகுதி முன்பே கரைந்து போயிருக்கும்.

வாரந்தோறும் ஒரு சிறு எழுத்துப் பணி இருக்கும். படித்த நூற்பகுதியைப் பற்றியோ கண்ட ஒன்றைப் பற்றியோ ஒரு பக்கம், இரண்டு பக்கம் எழுத வேண்டும். இதற்குத் தனித்தனியே பெரிய மதிப்பெண் கிடையாது. தவறாது எழுதினோமா என்பதையே பார்ப்பர். இவற்றோடு மூன்று அல்லது நான்கு நீண்ட கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் முதல் வரைவு உண்டு, திருத்திய வரைவு உண்டு. நாம் முதன்மையாக மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இந்த வரைவு முறைதான். முதல் வரைவு குறையுடையதாக இருக்கும் என்பது ஆசிரியர்க்குத் தெரியும். இந்த வாதம் எங்கிருந்து வந்தது, இப்பத்தி ஏன் இங்கே நிற்கிறது என்று ஓரத்தில் கேள்வி எழுதித் திருப்பித் தருவார். எழுத்துப்பிழையை மட்டும் களைந்து மீண்டும் கொடுத்தால் அதனைத் திருத்தம் என்று ஏற்கமாட்டார். பத்தியை இடம் மாற்ற வேண்டும். வேண்டாததை வெட்ட வேண்டும். சான்று இல்லாத இடத்தில் சான்று தேட வேண்டும். தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்ததைக் கண்டு தம்மைத் தகுதியற்றவர் என்று முடிவு செய்து ஒதுங்கிவிடும் மாணவர் நம்மிடையே உண்டு. இகழ்ச்சிக்கென்றே சிவப்பு மை பயன்பட்ட பள்ளிகளில் படித்தவர்க்கு அந்த எண்ணம் வருவது இயல்பே. ஆயினும் அங்கே அம்மை பெரும்பாலும் ‘இன்னும் சொல்க’ என்று கேட்கும் மை.

ஒருவர் எழுதியதை வகுப்பில் உள்ள பிறர் படித்துக் கருத்துக் கூறுவதும் பாடத்தின் பகுதியாகும். இதில் இருவகைத் தயக்கம் உண்டு: தம் எழுத்தைப் பிறர் காண்பதில் தயக்கம், பிறர் எழுத்தில் குறை சொல்வதில் தயக்கம். பின்னதே பெரிது. ‘நன்றாக இருக்கிறது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால் அதற்கும் மதிப்பெண் குறையும். எந்த இடத்தில் புரிந்தது, எந்த இடத்தில் வழி தவறியது என்று சொல்ல வேண்டும். ஊரார் படிக்க எழுதுவது நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாச பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். படித்தவர் சீறுவர் என்றும், மறுப்பு எழுதுவர் என்றும் தெரிந்தே எழுதியவர்கள் அவர்கள்.

இனி, பலரை வீழ்த்தும் ஒரு விதிக்கு வருவோம். பிறர் எழுதியதை அவர் பெயர் சொல்லாமல் எடுத்தாளுதல் அங்கே கருத்துத் திருட்டு எனப்படும். நம் பள்ளிகளில் நோட்ஸில் உள்ளதைச் சொல் மாறாமல் எழுதியவருக்கே முதல் மதிப்பெண். பன்னிரண்டு ஆண்டுகள் இதனையே பரிசளித்து வளர்த்துவிட்டு, திடீரென அதுவே குற்றம் என்றால் மாணவர் என் செய்வர்? சில ஆண்டுகளுக்கு முன் நம் கழகத்தின் உதவியோடு அயல்நாடு சென்ற ஒருவர், நூல் ஒன்றிலிருந்து இரண்டு பத்திகளை அப்படியே தம் கட்டுரையில் சேர்த்துவிட்டார். அவர் பெயரும் வேண்டா. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டா. நூலாசிரியர் தம்மைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார் என்பதே அவர் எண்ணம். விசாரணைக் குழு கூடியது. அப்பாடத்தில் அவர் தோல்வியுற்றார்; உதவித்தொகையும் ஆட்டங்கண்டது. மேல்முறையீடு செய்து, ஒரு பருவம் இழந்து, பின்னரே பட்டம் பெற்றார். திருட்டு என்னும் சொல்லை நம் மக்கள்மீது ஊரார் எத்தனை தலைமுறையாக வீசி வந்தனர் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பாலும் அச்சொல்லையே கேட்க நேர்ந்தபோது அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

விதியைத் தெரிந்துகொண்டால் பின்பற்றுவது எளிது. பிறர் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இட்டு, யார், எந்த நூல், எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். சொற்களை மாற்றி எழுதினாலும் கருத்து அவருடையதாயின் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். எப்படிக் காட்டுவது என்பதற்கு அச்சிட்ட முறைகள் உண்டு. ஆங்கில வகுப்புகளில் எம்.எல்.ஏ. முறை என்பர். (சட்டமன்ற உறுப்பினருக்கும் இதற்கும் தொடர்பில்லை, 1883இல் தோன்றிய நவீன மொழிச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் அது.) குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இவ்விதியால் எவருக்கும் இடர் வராது.

மேற்கோளை எங்ஙனம் கையாள வேண்டும் என்பதற்கு நம்மிடமே தலைசிறந்த சான்று உண்டு. 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் ஆய்வரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தார். அவரே அண்ணல் அம்பேத்கர். இன்று நூலாக நம் கையில் உள்ள அது, அன்று ஒரு மாணவர் வகுப்புக்காக எழுதிய பயிற்சிக் கட்டுரை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதன் அமைப்பை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். சாதி என்பதற்குச் செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வர் கூறிய இலக்கணங்களை முதலில் பெயர் சொல்லி எடுத்து வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எது பொருந்துகிறது, எது விடுபடுகிறது என்று ஆராய்கிறார். அதன் பின்னரே, அகமணமே சாதியின் உயிர்நிலை என்னும் தம் முடிவை நாட்டுகிறார். தம் கொள்கை தவறென்று காட்டப்பட்டால் அதனைக் கைவிடவும் ஆயத்தம் என்று இறுதியில் கூறுகிறார். சாதியின் கொடுமையைத் தம் உடம்பில் ஏற்றவர், வண்டி வண்டியாகச் சினம் கொட்டியிருக்கலாம். அவர் செய்ததோ வேறு. மறு ஆண்டு மே மாதம் அக்கட்டுரை ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ என்னும் ஆய்விதழில் அச்சேறியது.

சினத்தோடு எழுதித் தோற்றவரும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெருந்தலைவர் டு போய்ஸ் 1888இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தென்மாநில செனட்டர் ஒருவர் கறுப்பின மக்களை இழித்து எழுதியிருந்த நேரம் அது. தம் முதல் ஆங்கிலக் கட்டுரையிலேயே அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதிக் கொடுத்தார். தேறவில்லை என்னும் குறியோடு தாள் திரும்பி வந்தது. அதற்குமுன் எந்தப் பாடத்திலும் தோற்றறியாதவர் அவர். நிறவெறி என்று சொல்லி அவர் விலகியிருக்கலாம், நாமும் நம்பியிருப்போம். ஆயின், சொல்லும் பொருள் வலுவாக இருந்தாலும் குழப்பமான நடை அதனை நெடுந்தொலைவு சுமந்து செல்லாது என்று உணர்ந்து, அப்பல்கலைக்கழகத்திலேயே சிறந்ததென்று பேர்பெற்ற பாரெட் வெண்டலின் கட்டுரை வகுப்பில் தாமே விரும்பிச் சேர்ந்தார். உலகுக்குச் சொல்லத் தம்மிடம் செய்தி உண்டு. அதை நன்றாகச் சொல்லவே இவ்வகுப்புக்கு வந்தேன் என்னும் கருத்துப்பட 1890இல் அவர் எழுதிய வகுப்புத் தாளை ஆசிரியர் மாணவர் அனைவர்க்கும் படித்துக் காட்டினார். 1895இல் ஹார்வர்டின் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. பின்னாளில், 1946இல், அம்பேத்கரும் டு போய்ஸும் ஒருவர்க்கொருவர் மடல் எழுதிக்கொண்டனர். கட்டுரை வகுப்பு மேசையிலிருந்து தொடங்கியவர்கள் அம்மடலில் பேசியது ஐக்கிய நாடுகள் அவைக்கு ஒடுக்கப்பட்டோர் முறையீடு செய்வது பற்றி!

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். இவ்வகுப்பு ஏழைகளுக்காகத் தோன்றியது அன்று. ஹார்வர்டு 1874இல் நுழைவுக்கு ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு வைத்தது. சிறந்த பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அதில் பலர் தடுமாறினர். அதனால் 1885இல் முதலாண்டுக் கட்டுரை வகுப்பு அங்கே வந்தது. பிழை எழுதுவது எளியவரின் பிறவிக்குணம் என்று எவரேனும் சொன்னால் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

ஏழைகள் பெருந்திரளாக இவ்வகுப்பின் வாசலுக்கு வந்த கதை பின்னர் நடந்தது. அம்பேத்கர் பயின்ற கொலம்பியாவுக்குச் சற்று வடக்கே, ஹார்லெம் பகுதியில், சிட்டி கல்லூரி உள்ளது. 1847இல் தோன்றி, கட்டணமின்றிக் கல்வி வழங்கிய கல்லூரி அது. சுற்றிலும் வாழ்ந்தவர் கறுப்பின மக்கள். உள்ளே பயின்றவர் பெரும்பாலும் வெள்ளையர். சேரிக்கு நடுவே கோவில் கட்டி, சேரியாரை வெளியே நிறுத்திய கதையை அறிந்த நமக்கு இது விளங்கும். 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவரும் போர்ட்டோரிக்கோ மாணவரும் அக்கல்லூரி வளாகத்தின் ஒரு பகுதியை இரு வாரம் தம் வசப்படுத்திப் போராடினர். அதன் விளைவாக, 1975இல் தொடங்கலாம் என்றிருந்த திட்டத்தை 1970க்கே முன்கொணர்ந்தனர். நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய எவர்க்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்று அறிவித்தனர்.

வந்தவர்களின் கட்டுரைகளைக் கண்டு பேராசிரியர் பலர் மலைத்தனர். இவர்களுக்குக் கற்பிக்க இயலாது என்று கை விரித்தவரும் உண்டு. 1967 முதல் அங்குப் பின்தங்கிய மாணவர்க்குக் கற்பித்து வந்த மினா ஷாஹ்னசி என்னும் அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. 1970 முதல் 1974 வரை நுழைந்த மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு பிழையும் ஏன் நேர்ந்தது என்று ஆராய்ந்தார். 1977இல் அது ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் நூலாக வெளிவந்தது. பிழைகளும் எதிர்பார்ப்புகளும் என்பது பொருள். மறு ஆண்டே அம்மையார் காலமானார். அவர் கண்டது இது: பிழைகள் சோம்பலாலோ அறிவுக் குறைவாலோ கண்டபடி விழுந்தவை அல்ல. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. மாணவர் தமக்குத் தெரிந்த விதியை, அல்லது அரைகுறையாகக் கேட்ட விதியை, நாணயமாகப் பின்பற்றியதால் வந்தவை பல. எழுதும் ஒவ்வொரு சொல்லும் தம்மைக் காட்டிக் கொடுக்கும் என்னும் அச்சத்தால் அவர்கள் குறைவாக எழுதினர். குறைவாக எழுதியதால் பயிற்சி குறைந்தது. நோய் எங்கே என்று தெரிந்த பின்னர் மருந்து கொடுக்கலாம் அல்லவா?

அம்மையாரின் கண்கொண்டு நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பாருங்கள். ‘பத்து மாடு வாங்கினான்’ என்பது நல்ல தமிழ். எண் முன்னே வந்துவிட்டதால் ‘மாடுகள்’ என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தில் வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் எண்ணை எழுதிவிட்டுப் பன்மைக்குரிய ‘எஸ்’ எழுத்தை விட்டுவிடுகிறது. தமிழில் ‘எ’, ‘தி’ போன்ற சார்புச் சொற்கள் இல்லை. ஆகவே அவை விடுபடுகின்றன, அல்லது வேண்டாத இடத்தில் புகுகின்றன. தமிழில் வினை இறுதியில் நிற்கும். எச்சங்களை அடுக்கி ஒரே தொடரில் ஒரு பக்கம் பேசலாம். அதையே ஆங்கிலத்தில் செய்யும்போது தொடர் சிக்குண்டு போகிறது. இவை ஒவ்வொன்றும் பெயரிட்டு எண்ணக்கூடிய பிழைகள். ஒருவர் அடிக்கடி செய்யும் பிழைகள் ஐந்து அல்லது ஆறு வகைக்குள் அடங்குவதை நாங்கள் பல தாள்களில் கண்டிருக்கிறோம். ‘உனக்கு ஆங்கிலம் வராது’ என்பது ஆசிரியர் கூற்றாகாது. இந்த ஆறில் எது என்று சொல்வதே கற்பித்தல்.

வீட்டு மொழியை இகழாமல் கற்பிக்க வேண்டும் என்பதையும் அந்நாட்டுக் கட்டுரை ஆசிரியர் மாநாடு 1974இல் தீர்மானமாகவே ஏற்றது. தம் பேச்சு மொழியில் எழுத மாணவர்க்கு உரிமை உண்டு என்றது அத்தீர்மானம். உரிமை இருக்கட்டும், வேலை தருபவர் ஏற்பாரா என்று அன்றே பலர் வினவினர். எங்கள் கருத்து, நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும் என்பதே. சேரிப் பேச்சு என்று ஒருவர் முகம் சுளித்தால் நாணவும் வேண்டா. வழக்கு மன்றத்தில் மனு எழுதும் நடையைக் கற்காமலிருக்கவும் வேண்டா.

நியூயார்க்கின் கதவு திறந்தே நிற்கவில்லை. நிதி நெருக்கடியைக் காட்டி 1976இல் அப்பல்கலைக்கழகம் கட்டணம் விதித்தது. அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து நீக்க 1998இல் ஆட்சிக்குழு முடிவெடுத்தது. கட்டுரைத் தேர்வில் தேறாதவர் வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. எனவே, சென்ற பின்னர் அங்கே கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

இன்று கணினியிடம் கேட்டால் நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. அதனைத் தம் பெயரில் கொடுக்கலாமா என்று இளைஞர் சிலர் எங்களிடம் கேட்டனர். அந்தந்த வகுப்பின் விதியை முதல் நாள் தாளில் பாருங்கள்; விதி இடந்தராத இடத்தில் கொடுத்தால் மேலே சொன்ன விசாரணைக் குழுதான். அகப்படாமல் தப்பினாலும், எழுதப் பழகும் வாய்ப்பை இழந்தவர் நீங்களே. நம் பாட்டன்மார்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. நாமே அதனை வேறொன்றின் கையில் கொடுத்துவிட்டு அமர்வது எங்களுக்கு உடன்பாடில்லை.

செயற்குழுவின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். வரும் ஞாயிறு முதல் மாலை 4 மணிக்குக் கழகப் படிப்பகத்தில் கட்டுரை வகுப்பு நடைபெறும். கல்லூரியில் பயிலும் ஆண், பெண் இருபாலாரும் வரலாம். இருபது பேருக்கு மேல் முதல் அணியில் சேர்க்க இயலாது. ஒவ்வொருவரும் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: ஒன்று எழுதுவதற்கு, மற்றொன்று தம் பிழைகளை வகைப்படுத்திக் குறிப்பதற்கு. ஒவ்வொரு கட்டுரையையும் உடன் பயில்வோர் இருவர் படித்துக் கருத்து எழுதுவர். மறு வாரம் திருத்திய வரைவு வர வேண்டும். நோட்டுகளைக் கழகம் வழங்கும். முதல் கட்டுரையின் தலைப்பு ‘எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்த வரலாறு’. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரையாவது கேட்டு, சொன்னவர் பெயரைக் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி வாருங்கள்.